கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சர்க்கரை ஏறுகிறதே, ஏன்?

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ரிசல்ட் வந்த அன்றைக்கு அம்மா செய்த முதல் வேலை, சீனி டப்பாவை எடுத்துப் பரணில் வைத்ததுதான். அடுத்த நாளிலிருந்து காலையில் இட்லிக்குப் பதில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும், சாயங்காலம் பசித்தால் சீனி போடாத டீயும் மேரி பிஸ்கட்டும். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் அம்மா தொடவில்லை, ஒரு வேளையாவது மனுஷன் வயிறாரச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், டீயில் மூன்று ஸ்பூன் சீனி போட்டுக் குடித்துப் பழகியவர். அவர் ஒரு மாதம் இனிப்பு என்று எதையும் கையால் தொடவில்லை. மாதக் கடைசியில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம். 241. அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சீனியக் கண்ணால கூடப் பார்க்கலையேப்பா” என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் டாக்டரிடம் கேட்டும், படித்தும், அப்பாவின் விரலைக் குத்தியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்காகவும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்காகவும். 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இன்டியாப்’ (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சொன்னது, ஆகவே இது அனேகமாக உங்கள் வீட்டுக்கதையாகவும் இருக்கும்.

முதலில் அந்தப் பெயரே நம்மைத் திசைமாற்றி விடுகிறது. சர்க்கரை நோய், சீனி வியாதி என்று சொல்லிச் சொல்லி, இனிப்பை விட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். ரத்தத்தில் ஏறுவது குளுக்கோஸ். நம் சாப்பாட்டில் அது பெரும்பாலும் வருவது மாவுச்சத்திலிருந்து. அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, ரவை, சேமியா, உருளைக்கிழங்கு, மரவள்ளி, எதை எடுத்தாலும் அதிலுள்ள மாவுச்சத்து என்பது குளுக்கோஸைப் பூச்சரம் மாதிரி நெருக்கமாகக் கோத்து வைத்ததுதான். குடலுக்குள் போனதும் சரம் அறுந்து தனித்தனிப் பூவாக உதிர்கிறது. ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து விழுங்காமல் ஒரு நிமிஷம் மென்றுகொண்டே இருந்து பாருங்கள், லேசாக இனிக்க ஆரம்பிக்கும். வாயில் ஊறுகிற எச்சிலே அறுக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது, மீதியைக் குடல் பார்த்துக்கொள்கிறது.

உதிர்ந்த குளுக்கோஸைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் சேர்க்க இன்சுலின் வேண்டும், அதைச் சுரப்பது கணையம். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் அடியோடு இல்லாமல் போவதில்லை, ஆரம்பத்தில் பலருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சுரக்கும், ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைச் சரியாகக் கேட்காது. கணையம் இன்னும் இன்னும் சுரந்து சமாளிக்கப் பார்க்கும், வருஷக்கணக்கில் அப்படியே ஓடி ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் ரிப்போர்ட்டில் நமக்குத் தெரிய வருகிறது. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் சேர்கிற கொழுப்பு இதற்குப் பெரிய காரணம், பரம்பரையும் உண்டு. ‘நான் குண்டே இல்லையே, எனக்கு எப்படி வந்தது’ என்று கேட்கிறவர்கள் நிறைய. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் தள்ளியும் இருப்பது நம் ஆட்களிடம் சகஜம், எடை பார்க்கிற மெஷின் அதைக் காட்டாது. தையல்காரர் டேப்பை வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதைத் தாண்டினால் நம்மவர்களுக்குக் கவனம் வேண்டும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வருகிற ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 160, இது எங்கிருந்து வந்தது? கல்லீரலிலிருந்து. நாம் தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், போதும் நிறுத்து என்று இன்சுலின் சொன்னால் நிறுத்தும். பேச்சுக் கேட்காத கல்லீரல் நிறுத்தாது. அதனால் காலை எண் கூடிவிட்டதே என்று ராத்திரிப் பட்டினி கிடப்பதில் அர்த்தமில்லை, மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

எண்கள் என்று வந்தால் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். வெறும் வயிற்றில் 126, லேபில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் இரண்டு மணி நேரத்தில் 200, ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம். இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ நீரிழிவு, பொதுவாக இன்னொரு முறையும் பார்த்து உறுதி செய்வார்கள். மூன்றாவதுதான் நம்பகமான சாட்சி. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதன்மேல் ஒட்டியிருக்கிற குளுக்கோஸை அளப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கதை முழுவதும் அதில் வந்துவிடும். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பத்தியம் இருந்துவிட்டுப் போகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதெல்லாம் இதனிடம் செல்லாது. ரத்தசோகை இருந்தால் மட்டும் இந்த எண் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டும், நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அது இருக்கிறது என்பதால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 7க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு, வயதானவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்தி வைப்பார்.

சரி, கஞ்சிக்கு வருவோம். அம்மா ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு போட்டிருந்தார், தராசில் வைத்தால் ஏறக்குறைய 100 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் 65 கிராமுக்கு மேல் இருக்கும், வீட்டு இட்லி நாலைந்தில் இருப்பதற்குக் குறைவில்லை. அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் என்றால் கேழ்வரகிலும் கோதுமையிலும் பத்துப் பன்னிரண்டு கிராம்தான் குறையும். கேழ்வரகின் உண்மையான பெருமை அதன் நார்ச்சத்து, தீட்டிய அரிசியைப் போல மூன்று நான்கு மடங்கு. ஆனால் அதை நைஸாக அரைத்து, சலித்து, தண்ணீரில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் குடித்துவிட்டால், குடலுக்கு அறுக்கச் சிரமமே இல்லாத சரமாகப் போய்ச் சேர்கிறது. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு ஒரே ஒரு அடை தட்டிச் சாப்பிட்டால் கணக்கு வேறு. சத்துமாவுக் கஞ்சிக்கும் ஓட்ஸ் கஞ்சிக்கும் இதே நியாயம்தான். குடிப்பதைவிட மெல்லுவது மேல்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட உணவு ஆய்வும் இதையே நாடு முழுக்கப் பார்த்துச் சொல்கிறது. நாம் ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவுக்குக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை, மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், தயிர் போன்ற புரதத்தை வைத்தால்தான் குறைகிறது. சிறுதானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினையும் வரகும் எங்கள் வீட்டிலும் உண்டு. ‘சிறுதானியம்தானே’ என்று தட்டு நிறையப் போட்டுக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அம்மா தொடாமல் விட்ட அந்த மத்தியானச் சாப்பாடு. நம் சாப்பாட்டில் மூன்று சுற்று உண்டு. முதலில் சாம்பாருக்கு, அப்புறம் ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கப் சோறு, அதாவது 150 கிராம் என்று வையுங்கள், அதில் 40 கிராமுக்குமேல் மாவுச்சத்து. மூன்று சுற்றுக்கு 120 கிராமைத் தாண்டிவிடும். ஒரு டீஸ்பூன் சீனி 5 கிராம் என்று வைத்தால் இது இருபத்து நாலு ஸ்பூனுக்குச் சமம். அம்மா பரணில் ஏற்றி வைத்தது ஒரு நாளைக்கு ஏழெட்டு ஸ்பூன் சீனி. அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் அதைவிடப் பெரிய குவியல் தட்டிலேயே இருந்தது, கூடவே தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும். இதை ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து சோற்றை அளந்து காட்டியபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அப்ப நான்தான் ஏத்திவிட்டுட்டேனா?” என்று கேட்டார். இல்லைம்மா, யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எந்த வீட்டிலும் இதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாங்கள் மாற்றியது ரொம்பச் சாதாரணமான விஷயம். சோறு ஒரு கப், அதைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்வது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பது, தயிரைத் தனிக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவது. மூன்று ருசியும் இருக்கிறது, இரண்டு சுற்றுச் சோறு போய்விட்டது. தட்டில் காலியான இடத்துக்குப் பொரியல் இரண்டு மடங்கு: அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், வாழைப்பூ, ஏதாவது ஒரு கீரை. தொட்டுக்கொள்கிற அளவுக்கு ஒரு கரண்டி வைத்தால் அது பொரியலே இல்லை, பாதித் தட்டு இருக்க வேண்டும். அதோடு ஒரு கப் சுண்டலோ, கெட்டிப் பருப்போ, முட்டையோ, மீன் குழம்பில் இரண்டு துண்டு மீனோ. உருளை, சேப்பங்கிழங்கு, சேனை, மரவள்ளி ஆகியவை இந்தக் கணக்கில் காய் கிடையாது, அவை சோற்றுக்குக் கூடப்பிறந்தவை, அன்றைக்கு அவை வேண்டுமானால் சோற்றில் அந்த அளவைக் குறைக்க வேண்டும். சாப்பிடும் வரிசையும் முக்கியம். காயும் பருப்பும் முதலில் உள்ளே போய், சோறு பின்னால் போனால் குளுக்கோஸ் ஏறுவது நிதானமாகிறது. பசியோடு உட்கார்ந்ததும் சோற்றில் கை வைக்காமல் பொரியலில் ஆரம்பிக்க அப்பாவுக்கு இரண்டு வாரம் பிடித்தது, இப்போது அது பழக்கமாகிவிட்டது. சிறுநீரகத்தில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் பருப்பு, மீன், கீரை அளவை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குக் கணக்கு வேறு.

காலைக்கு இட்லி திரும்பி வந்தது. இரண்டே இட்லி, அதற்கு ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. அதே மீட்டர், அதே இரண்டு மணி நேரம், 162. அப்பா திரும்ப ஒருமுறை குத்திப் பார்க்கச் சொன்னார். இட்லி நல்லது, கஞ்சி கெட்டது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அளவும் கூட வருகிறவையும்தான் மாறின. எனக்குப் பிடித்த சிபாரிசு பருப்பு அடை, துவரையும் கடலைப்பருப்பும் தாராளமாக, அரிசி குறைவாகப் போட்டு அரைத்தது. பாசிப்பயறு தோசையும் அதே வகை. ரவை உப்புமாவும் இடியாப்பமும் சீக்கிரம் ஏற்றிவிடுகின்றன, எப்போதாவது சாப்பிட்டால் அரைத் தட்டு.

குளுக்கோமீட்டர் இருக்கிற வீட்டில் அதை இப்படிப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரிப் விலை சும்மா இல்லை, அதனால் தினமும் கண்டபடி குத்த வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பின்னால் பார்த்தது 180க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம், எகிறினால் அடுத்த முறை மாவுச்சத்தைக் குறைத்துக் காயைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதை உங்கள் விரல்தான் சொல்லும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. ருசியும் மணமும் வேறு, ரத்தத்தில் செய்வது ஏறக்குறைய அதேதான். ‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பிஸ்கட்டில் சீனி இல்லாமல் இருக்கலாம், மைதா இருக்கிறது. பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம், ஒரு கொய்யா, ஒரு துண்டு பப்பாளி, ஒரு கைப்பிடி நாவல்பழம். ஜூஸாக்கினால் நாலு பழம் ஒரே மடக்கில் போய்விடும், நாரும் போய்விடும். மாம்பழக் காலத்தில் அப்பாவுக்கு ஒரு கீற்று உண்டு, அன்றைக்குச் சோறு அரைக் கப்.

சாப்பிட்டதும் படுக்கப் போகாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் காலிலும் இருக்கின்றன. பூங்காவுக்குப் போக வேண்டாம், ஷூ வேண்டாம், தெருமுனை வரை இரண்டு தடவை போய்வந்தால் போதும். அப்பாவும் அம்மாவும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் சேர்ந்து போகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே சந்தோஷம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எண் நன்றாக வந்துவிட்டது என்றோ, யாரோ ஒரு வேர்க் கஷாயம் சொன்னார்கள் என்றோ நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கண்ணும் சிறுநீரகமும் கெட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பாகற்காய் சாப்பிடுங்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள், மாத்திரையும் போடுங்கள், டோஸ் குறைக்கலாமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். போய் வாங்க முடியவில்லை என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், எப்போதாவது அதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிட அவசரமான ஒன்று தாழ்சர்க்கரை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் விட்டால், அமாவாசை விரதம், சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு எதுவானாலும் சரி, திடீரென்று வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சுக் குழறும். மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், பதினைந்து நிமிஷத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சீனித் தண்ணீரும் உதவும், ஆனால் உங்கள் மாத்திரைப் பட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருந்தால் உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீனி உடைந்து குளுக்கோஸாவதைத்தான் அந்த மருந்து குடலில் தாமதப்படுத்துகிறது, ஆகவே நேரடிக் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்குப் போன் செய்யுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் முன்பு டிக்கெட் கட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கண், சிறுநீர், கால் மூன்றையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், வலி எதுவும் இல்லாவிட்டாலும். கால் மட்டும் தினமும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு முள் குத்தியது தெரியாது, கோயில் பிரகாரத்துக் கல் மத்தியான வெயிலில் சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. கோயிலுக்கு விடியற்காலையிலோ சாயங்காலமோ போங்கள், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. அதனால் ராத்திரி நடந்துவிட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார், அம்மா டார்ச் அடித்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். போன மாதம் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் இருந்தது, அப்பாவுக்குத் தெரியவே இல்லை. மறுநாளே போய் மருந்து கட்டினோம், பத்து நாளில் ஆறிவிட்டது.